சொட்டுகிற குழாய் தண்ணீரைத் தின்னும்; உறிஞ்சுகிற குழாய் ஆளைச் சாய்க்கும்!

தோட்டத்துக் குழாயை மாற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்

சென்னை வீடுகளில் யாரும் கண்டுகொள்ளாத குழாய் எது தெரியுமா? வாசல் தோட்டத்துக் குழாய்தான்!

சமையலறைக் குழாய் சொட்டினால் வீட்டில் அம்மா சத்தம் போடுவார். குளியலறைக் குழாய் சொட்டினால் ராத்திரித் தூக்கம் போய்விடும். தோட்டத்துக் குழாய் சொட்டினால்? "செடிக்குத்தானே போவுது, போவட்டும்!" என்று விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு போகிறது என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். 200 மில்லி பிடிக்கிற டம்ளர் ஒன்றைக் குழாய்க்கு அடியில் வையுங்கள். இருபது நிமிஷத்தில் நிறைகிறதா? அப்படியானால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம்! மாதத்துக்கு 430 லிட்டர்.

2019-ம் வருஷத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து கிடந்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அன்றைக்கு ஒரு குடத்துக்கு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர்தான் இது.

சரி, சொட்டினால் தண்ணீர்தான் நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதே குழாயில் இருக்கிறது. அது சொட்டாது. உறிஞ்சும்!

90 பேர் படுத்தார்கள்

இது கதை அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஒரு ஊர். அங்கே ஹோலி கிராஸ் என்று ஒரு கல்லூரி. 1969-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசி. கல்லூரிக் கால்பந்துக் குழு மைதானத்தில் பயிற்சி செய்து கொண்டிருந்தது. நம்ம ஊர் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்களே, அந்த ஆட்டம். நல்ல வெயில். பையன்கள் மைதானத்துக் குழாயில் தண்ணீர் குடித்தார்கள்.

சில வாரம் போனது. ஒருவன் பின் ஒருவனாகப் படுக்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் காமாலை! வீரர்கள், பயிற்சியாளர்கள் எல்லாம் சேர்த்து 97 பேர். அதில் 90 பேருக்கு நோய் தொற்றியிருந்தது. அந்த வருஷம் இரண்டே ஆட்டம் ஆடியதோடு மீதி ஆட்டங்களை எல்லாம் ரத்து செய்தார்கள்.

காரணத்தைத் துப்புத் துலக்கினார்கள். மைதானப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச, தரைக்குக் கீழே பள்ளத்தில் குழாய் வைத்திருந்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதில் விளையாடுவார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை இருந்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குள்ளே ஒரு தீ விபத்து. தீயணைப்புப் படை மெயின் குழாயில் இருந்து தண்ணீரை இழுத்தது. மெயினில் பிரஷர் விழுந்தது. உடனே பள்ளத்தில் கிடந்த அழுக்குத் தண்ணீர் பின்னோக்கிப் போய்க் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிட்டது!

தீப்பிடித்தது ஓர் இடம். காமாலை வந்தது வேறோர் இடம். நடுவில் இருந்தது ஒரு தோட்டக் குழாய்.

நம்ம ஊரில் நடக்குமா?

தீ விபத்தே வேண்டாம். பிரஷர் இல்லாத தெருக்களில் பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே குழாயை இறக்கித் தண்ணீர் பிடித்த கதை சென்னைக்காரர்களுக்குப் புதிதா? மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் என்னவெல்லாம் நிற்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பல தெருக்களில் மெட்ரோ வாட்டர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருகிறது. நின்ற பிறகு பைப் காலி. மேட்டில் இருக்கும் வீட்டுப் பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீர் பள்ளத்து வீட்டுக்கு இறங்கும். இறங்கும்போது பின்னால் எது கிடைத்தாலும் இழுக்கும். போதாததற்கு, தெருப் பைப்பில் நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிற ஆசாமிகள் வேறு. அது சட்டப்படி குற்றம். அந்த மோட்டார் தண்ணீரை மட்டும்தான் இழுக்கும் என்று யார் சொன்னது? உங்கள் வீட்டு ரப்பர் ஹோஸின் முனை சாணிக் கரைசல் வாளிக்குள் கிடந்தால் அதையும் இழுக்கும்.

ஸ்கூட்டரில் இருந்து பெட்ரோல் எடுக்க டியூபைப் போட்டு வாயால் ஒரு இழுப்பு இழுப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு இழுப்புதான். அப்புறம் தானாகவே கொட்டும். அதே வேலைதான் இங்கேயும்.

மொட்டை மாடித் தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் பக்கத்தில் இருக்கிற ஆபத்து. மாடிக் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை உரத் தண்ணீர் டிரம்மில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ரிப்பேருக்காக டாங்கின் கேட் வால்வை மூடுகிறார்கள். அந்த நேரம் கீழ் வீட்டு அம்மாள் சமையலறைக் குழாயைத் திறக்கிறார். பைப்பில் உள்ள தண்ணீர் கீழே இறங்குகிறது. மேலே காற்று நுழைய வழி இல்லை. திறந்து கிடக்கும் மாடிக் குழாய் வழியாக டிரம் தண்ணீர் இறங்கி, கீழ் வீட்டு அரிசிப் பானைக்கே வந்து சேரும்!

அதனால் குழாய் மாற்றுகிறவர்கள் முதலில் தொட வேண்டியது ஸ்பானரை அல்ல. ஹோஸை! டிரம், வாளி, தொட்டி எதில் கிடந்தாலும் முனையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வால்வை மூடுங்கள்.

எங்கே ஒழுகுகிறது?

மூடிய பிறகும் மூக்கில் சொட்டுகிறதா? உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரை மாற்றினால் சில ரூபாயோடு போகும். திறக்கும்போது கைப்பிடி அடியில் கசிகிறதா? ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள பேக்கிங் போய்விட்டது. மேல் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே நிற்கும். சுவரில் குழாய் சேரும் இடத்தில் ஒழுகினால், கழற்றி மறுபடி மாட்டத்தான் வேண்டும்.

புது வாஷர் போட்டும் ஒரே வாரத்தில் மறுபடி சொட்டுகிறது என்றால், வாஷர் உட்காரும் இடமே அரித்துப் போயிருக்கிறது. "இன்னொரு வாஷர் போட்டுப் பாக்கலாம் சார்" என்பார் வந்தவர். வேண்டாம். புதுக் குழாயே வாங்கிவிடுங்கள். வெயிலில் நிற்கும் குழாய்க்குப் பித்தளைதான் நல்லது. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் காய்ந்து கைப்பிடியோடு கையில் வந்துவிடும். ஹோஸ் மாட்டுவதாக இருந்தால் ஹார்டுவேர் கடையில் 'நாசில் டேப், அரை இஞ்ச்' என்று கேளுங்கள். பழைய குழாயையும் கையில் எடுத்துப் போனால் கடைக்காரரோடு தகராறு இல்லை.

இரண்டு ரெஞ்ச் வேண்டும்

வேலையில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே ரெஞ்சை எடுத்துக் குழாயை மட்டும் பிடித்துத் திருகுவார்கள். பழைய ஜி.ஐ. பைப்பில் துரு ஏறியிருக்கும். குழாய் கழலாது. சுவருக்குள்ளே இருக்கும் எல்போ திரும்பும், அல்லது உடையும். அப்புறம் என்ன, கொத்தனாரைத் தேட வேண்டியதுதான்! பத்து நிமிஷ வேலை இரண்டு நாள் வேலை ஆகிவிடும்.

ஒரு ரெஞ்சால் சுவரில் இருந்து வரும் பைப்பை அசையாமல் பிடியுங்கள். இன்னொன்றால் குழாயைத் திருகுங்கள். வெளியே பைப் நீட்டிக் கொண்டிருக்காமல் சுவரோடு சுவராக இருந்தால் துணிந்து இறங்க வேண்டாம். பழகின பிளம்பரைக் கூப்பிடுங்கள். கேட் வால்வும் அப்படித்தான். வருஷக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்பிண்டில் முறிந்து, மாடி டாங்க் தண்ணீர் முழுவதும் உங்கள் தலையில்தான்.

கழற்றியதும் பைப்பின் மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல், துரு எல்லாவற்றையும் கம்பிப் பிரஷால் சுத்தமாகத் தேயுங்கள். புதுக் குழாயின் மரையில் டெப்லான் டேப் சுற்ற வேண்டும். மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக் கொள்ளுங்கள். கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் மாட்டும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைப்பது மெல்லிய டேப். எட்டு, பத்து சுற்று வரட்டும். இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள்.

முதலில் கையால் மாட்டுங்கள். பிறகு ரெஞ்ச். மூக்கு நேராகக் கீழே பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள். திருப்பினால் ஒழுகும். கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால் அளவாக இறுக்குங்கள், விரிசல் விட்டுவிடும்.

வால்வை மெதுவாகத் திறந்துவிட்டு, அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் வேலை முடிந்தது. இன்றைய மாலைப் பேப்பர்கூடப் போதும். படித்து முடித்த பிறகு!

திரும்பி வரும் வழியை அடைக்க

ஒரு பைசா செலவில்லாத வழிதான் இருப்பதிலேயே நல்ல வழி. குழாய் மூக்குக்கும் கீழே வாளியிலோ தொட்டியிலோ தண்ணீர் நிறையும் மட்டத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு அங்குலம் காற்று இடைவெளி விடுங்கள். அரை அங்குலக் குழாய்க்கு அது கணக்கு. காற்றைத் தாண்டி அழுக்குத் தண்ணீர் ஏற முடியாது. சம்ப்புக்கும் இதே விதிதான். மெட்ரோ வாட்டர் பைப்பைச் சம்ப்பின் அடி வரைக்கும் இறக்கி விட்டிருக்கிறார்களா என்று மூடியைத் திறந்து பாருங்கள். முனை தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால் உங்கள் சம்ப்புத் தண்ணீர் தெருப் பைப்புக்குப் போகிற வழி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

ஹோஸை மாட்டினால் இடைவெளி போய்விடுமே? அதற்குத்தான் வாக்குவம் பிரேக்கர் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. குழாய் மூக்கில் மாட்டி, அதன் மேல் ஹோஸை மாட்ட வேண்டும். உள்ளே உறிஞ்சல் வந்தால் அது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறித்துவிடும். எல்லாக் கடையிலும் இருக்காது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் மரையைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கத் தோட்டக் குழாய் மரை வேறு. நம்ம ஊர் மரை வேறு. மாட்டினாலும் ஒழுகும்.

நான் ரிட்டர்ன் வால்வு சுலபமாகக் கிடைக்கும். தோட்டத்துக்குப் பிரியும் பைப்பில் போட்டுவிடலாம். உடம்பில் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகிற திசையை அம்பு பார்க்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி ஹோஸை டிரம்மில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், வால்வு மூடாமல் வாயைப் பிளந்து கொண்டு நிற்கும்.

இன்னொன்று. போர் லைனையும் மெட்ரோ லைனையும் நடுவில் ஒரு கேட் வால்வு வைத்து இணைத்திருக்கும் வீடுகள் உண்டு. வால்வு கொஞ்சம் கசிந்தாலும் இரண்டு தண்ணீரும் கலந்துவிடும். குழாய் மாற்ற வரும் பிளம்பரிடமே சொல்லி, அந்த இணைப்பைத் துண்டித்து இரு பக்கமும் மூடி போடச் சொல்லுங்கள்.

திடீரென்று சமையலறைக் குழாயில் கலங்கலாகவோ, உர வாடையோடோ தண்ணீர் வந்தால், ஹோஸ் எங்கே கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க எடுக்காதீர்கள். பூச்சி மருந்து கலந்திருந்தால் கொதிக்க வைத்தும் பயன் இல்லை. மாடி டாங்கைக் காலி செய்து கழுவி, பைப்பில் நல்ல தண்ணீர் வரும் வரை திறந்து விடுங்கள். தெருப் பைப்பிலேயே அப்படி வந்தால் உங்கள் பகுதி மெட்ரோ வாட்டர் டெப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீடுகளுக்கும் ஒரு குரல் கொடுங்கள்.