பேர் போடாத வேலை: போரால் பாதிக்கப்பட்டோருக்கான தொண்டை எங்கே எழுதி வைப்பது?

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்றுதான் சொல்வோம். நிறுக்கும்போது தோட்டம் குறித்திருக்கும் கிலோவுக்குக் கொழுந்து இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அது செக்ரோலில் ஏறும், மாத முடிவில் சம்பளமாக இறங்கும். செக்ரோலில் ஏறாத நாள், மழையில் நனைந்து அட்டைக்கடி வாங்கி மலை ஏறியிருந்தாலும், வேலை செய்யாத நாள்தான்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் எந்தச் செக்ரோலிலும் ஏறாத வேலை ஒன்று கொஞ்சக் காலமாகவே நடந்துவருகிறது. போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகச் சிலர் சம்பளமில்லாமல் செய்யும் வேலை அது. யார் செய்தார்கள், எத்தனை நாள் செய்தார்கள், அதனால் என்ன நடந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

போருக்கும் மஸ்கெலியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1977 வன்முறையில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வன்னிக்குப் போயின. அதற்கு முன்பும் போயிருந்தன, பின்பும் போயின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற கிராமங்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில், அங்கிருந்து திரும்பாதவர்களில், அவர்களும் உண்டு. அவர்களுடைய அண்ணனும் அத்தையும் இன்னும் இங்கே லயத்தில் இருக்கிறார்கள்.

அந்தக் குடும்பங்களை வன்னியில் குடியமர்த்தியதும் தொண்டர்கள்தான். 1970களின் பிற்பகுதியில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாவைத் தளமாகக் கொண்டு அந்த வேலையைச் செய்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். தலைவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. காடு வெட்டவும், கிணறு தோண்டவும், பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கவும் வந்த இளைஞர்களும் பெண்களும் யார் யார் என்று இன்று ஒரு பட்டியல் எடுக்க முடியுமா?

இப்போது இங்கே நடக்கும் தொண்டு வேறு மாதிரி. காணாமலாக்கப்பட்டவரின் தாய்க்கு ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது, சிங்களத்தில் மட்டும். கிளிநொச்சியில் அதை வாசிக்க ஆள் தேடுவதைவிட, வட்ஸ்அப்பில் படம் எடுத்து மஸ்கெலியாவிலுள்ள தம்பி மகனுக்கு அனுப்புவது அந்தத் தாய்க்கு லேசு. கொழும்பில் கடையில் நின்று சிங்களம் பழகிய பையன் அவன். வாசித்துச் சொல்கிறான், பதில் எழுதுகிறான், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதமும் வந்து சேர்கிறது. கொழும்புக்கு விசாரணைக்கு வரும் அம்மாக்களுடன் கூடப்போய் மொழிபெயர்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஜனவரியில் கொப்பி, சப்பாத்து சேர்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண் இதற்காக ஒரு நாள் போனால் அவளுக்கு அன்றைய பேர் இல்லை. 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி பார்த்தால் 1,350 ரூபா போய்விட்டது.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். போருக்குப் போனவர்களின் குடும்பங்களுக்குச் செய்யும் தொண்டைப் பதிவுசெய்வது உலகத்தில் பழைய வழக்கம். பிரித்தானியாவில் 1885இல் தொடங்கிய படையினர் குடும்பங்களுக்கான சங்கத்தை எஸ்.எஸ்.ஏ.எஃப்.ஏ. என்ற எழுத்துகளால் அறிவார்கள். அதன் தொண்டர் வீட்டுக்குப் போய், வரவு செலவைக் கேட்டு, தேவையை ஒரு படிவத்தில் எழுதுவார். அந்தப் படிவம் பல்வேறு படைப்பிரிவுகளின் நிதியங்களுக்குப் போகும். பணம் தருகிறவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தொண்டர் சரியாக எழுதினால் கூரைக்குக் காசு வரும், எழுதாவிட்டால் வராது. அமெரிக்காவில் 1946இல் முன்னாள் படையினரின் மருத்துவமனைகளுக்கென்று ஒரு தன்னார்வச் சேவைப் பிரிவே தொடங்கினார்கள். வரும் தொண்டர்களின் மணித்தியாலங்கள் அங்கே கணக்கில் ஏறுகின்றன.

நம் நாட்டிலும் படையினர் தரப்பில் ஒழுங்கு உண்டு. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை உருவானது. 2008இல் 'அபி வெனுவென் அபி' நிதியம் சட்டமானது. படை அதிகாரிகளின் மனைவியர் நடத்தும் சேவா வனிதா பிரிவுகள் வேறு. இவற்றைப் பொறாமையோடு எழுதவில்லை. கணவனை இழந்த சிப்பாயின் மனைவிக்கு வீடு கட்டிக்கொடுப்பதில் என்ன பிழை? அந்த வீட்டுக்குக் கோப்பு இருக்கிறது, இந்த வீட்டுக்கு இல்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

படையினரின் குடும்பங்களுக்கும் கோப்பு தானாக வந்துவிடவில்லை. 1998 செப்டம்பரில் கிளிநொச்சிச் சமரில் காணாமற்போன அதிகாரி ஒருவரின் தாய், கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. தன்னைப் போன்ற பெற்றோரைச் சேர்த்து, சிப்பாய்கள் அடையாளத் தகடு அணிய வேண்டும், பிடிபட்டவர்களையும் இறந்தவர்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்டுத் திரிந்தவர் அவர். பிறகு போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை அமைத்து, எதிர்ப்பக்கத்துத் தாய்மாரையும் சந்தித்தார். 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் சுமார் 5,000 படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை. அந்தத் தாய்மாரும் எழுதிவைத்தே கேட்டார்கள்.

"தொண்டுக்குக் கணக்கா?" என்று மஸ்கெலியாவில் ஒரு பெரியவர் என்னிடம் முகம் சுளித்தார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை. அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனால் எழுதாததால் வரும் நட்டம் தொண்டருக்கு மட்டும் உரியதல்ல. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள், பிறகு பரணகமவுக்கு, 2016இல் கலந்தாய்வுச் செயலணிக்கு, 2018இலிருந்து காணாமற்போனோர் அலுவலகத்துக்கு. இடையில் எத்தனையோ நிறுவனங்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டார்கள். எந்தத் திகதியில் எங்கே என்ன சொன்னோம், எந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று கூடப்போன தொண்டர் ஒரு கொப்பியில் குறித்திருந்தால், அந்தத் தாய் பாதித் தடவையாவது வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால், தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கும் முதல் கடிதத்தின் திகதியும் இலக்கமும் கையில் இருந்தால் நல்லது.

இன்னொரு நட்டமும் உண்டு. எழுதாத வேலைக்கு உரிமை கோர ஆள் வந்துவிடும். அரிசிப் பொதியோடு நின்று படம் எடுத்தவருடையது அந்த உதவி என்று ஊர் பேசும், பொதி கட்டியவள் அடுத்த நாள் கொழுந்துக்குப் போயிருப்பாள்.

எழுதுவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் தொண்டு வேலையை அளப்பதற்கு ஒரு கைநூல் வெளியிட்டது. தன் வீட்டுக்கு வெளியே உள்ளவருக்காக, சம்பளமில்லாமல், கட்டாயமில்லாமல் செய்யும் எந்த வேலையும் தொண்டுதான் என்கிறது அது. ஒரு நிறுவனத்தின் கீழ் செய்ய வேண்டும் என்றில்லை, நேரடியாகச் செய்வதும் சேரும். எங்கள் பையன் வாசிக்கும் கடிதம் அதற்குள் வந்துவிடுகிறது. கேட்கும்போது கடந்த நான்கு வாரங்களை மட்டும் கேட்கச் சொல்கிறது, அதற்கு மேல் நினைவு நழுவும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

மதிப்பிடும் முறையும் கவனிக்க வேண்டியது. தொண்டரின் சொந்தச் சம்பளத்தைப் பார்க்காமல், அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்போமோ அதைப் பார்க்கச் சொல்கிறது கைநூல். 1,350 ரூபாவை எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் ஒரு மணித்தியாலம் சுமார் 169 ரூபா. கொழுந்து பறிக்கும் பெண் ஒரு தாய்க்காக விசாரணையில் மொழிபெயர்த்தால் அந்த நேரத்தின் பெறுமதி 169 அல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கூலி. இதை ஒரு தோட்டத்தில் சொன்னபோது பெண்கள் சிரித்துவிட்டார்கள். தங்கள் நேரத்துக்கு அப்படி ஒரு விலையை அவர்கள் கேட்டதில்லை.

ஆகவே ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, போனவர், புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும், செய்த வேலை, கைக்காசு செலவு, மிச்சம் இருக்கும் வேலை. பயண நேரத்தை விடக்கூடாது. மஸ்கெலியாவிலிருந்து ஹற்றன் போய், அங்கிருந்து கொழும்புக்கு இறங்கி, ஒரு கையெழுத்துக்காக இரண்டு மணித்தியாலம் காத்திருந்து திரும்புகிறவரின் நாள் முழுவதும் தொண்டுதான். பணத்தையும் நேரத்தையும் ஒரே கூட்டில் போடவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்கு பற்றுச்சீட்டு வேறு, மணித்தியாலக் கணக்கு வேறு.

இதில் எழுதக்கூடாதது ஒன்று உண்டு. அமெரிக்கத் தொண்டர் பயமில்லாமல் பெயர் எழுதலாம். நம்மிடம் 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நினைவு இருக்கிறது. தொண்டு நிறுவனங்களைப் பதியும் செயலகம் பல ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. புனர்வாழ்வு பெற்று வந்தவரின் வீட்டுக்குச் சிவில் உடையில் ஆள் வந்து கேட்பது வாசகர்கள் பலருக்கு அனுபவம். உதவி பெறுகிறவரின் பெயரும் முகவரியும் உள்ள கொப்பி தவறான கையில் சிக்கினால் அது விசாரணைப் பட்டியலாகிவிடும். ஆகவே குடும்பத்துக்குப் பெயர் வேண்டாம், ஓர் இலக்கம் போதும். எந்த இலக்கம் எந்தக் குடும்பம் என்ற தாள் தனியாக, வேறு வீட்டில், நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். தொலைபேசியில் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், தொலைபேசியைத்தான் முதலில் வாங்குவார்கள். கடிதத்தின் படத்தை வேலை முடிந்ததும் அழித்துவிடுவது நல்லது. குடும்பம் "எழுத வேண்டாம்" என்றால் எழுதக்கூடாது. படம் எடுக்கும் விடயத்தில் என் கருத்து கடுமையானது: பொதி வாங்கும் கையைக்கூட எடுக்காதீர்கள்.

எழுதியதை யாருக்குச் சொல்வது? நிதி தந்தவருக்கு என்பதே வழக்கமான பதில். முதல் உரிமை குடும்பத்துக்கு என்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர்களுக்கான பக்கங்களைத் தொலைபேசியிலாவது வாசித்துக் காட்டி, இதில் பிழை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திகதிகளை அவர்கள் திருத்துவார்கள், எந்தப் பதிவேட்டையும்விட அவர்களுக்குத் திகதி நினைவிருக்கும். பிறகு தொண்டர்கள் தங்களுக்குள் வாசிக்கலாம். பெயரில்லாத மொத்தக் கணக்கை, இத்தனை மணித்தியாலம், இத்தனை கடிதம், இத்தனைக்குப் பதில் இல்லை என்று, வெளியே கொடுக்கலாம். ஓர் அலுவலகம் தமிழில் கடிதம் எழுதாததன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேட்க அந்த மொத்தக் கணக்கு போதும்.

மஸ்கெலியாவில் இரண்டு இடங்களில் இப்படிக் கொப்பி தொடங்கியிருக்கிறார்கள். ஒன்றில் 'மிச்சம்' என்ற நிரல்தான் நிரம்பியிருக்கிறது: பதில் வரவில்லை, திரும்ப எழுத வேண்டும், காணப்படாமைச் சான்றிதழ் பற்றி அம்மா இன்னும் யோசிக்கிறார். அதை எழுதிவந்த பெண் இந்த மாதம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறார். கொப்பியை யார் வாங்கிக்கொள்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.