ஒரு வட்டில் இரு குடிகள்

ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்கள் குடியிருத்தல் கூடும். ஒரு மனையில் இரு குடும்பங்கள் வாழ இடையே சுவர் வேண்டும் அன்றோ? அவ்வாறே வன்வட்டும் பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றது.

கோப்புகளை அடுக்கும் முறையும் ஒவ்வொன்றிற்கும் வேறு. விண்டோஸ் 1993-இல் தோன்றிய என்.டி.எப்.எஸ். முறையைக் கையாளும், லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4 முறையைக் கையாளும். லினக்ஸ் இவ்விரண்டையும் படிக்கும். விண்டோஸோ எக்ஸ்ட்4 பகுதியைப் பிறிதொரு துணையின்றிப் படிக்கமாட்டாது. ஆகவே, பொதுக் கோப்புகளுக்கு மூன்றாம் பகுதி ஒன்று அமைத்தல் நன்று. அதனைப் பழைய ஃபேட்32 முறையில் அமைத்தால் 4 ஜிகாபைட் அளவுள்ள கோப்பு அதில் அடங்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அடங்கும்.

சுவர் எழுப்புங்கால் கை தவறின், பல்லாண்டு உழைப்பு நொடியில் அழியும். ஆதலின், கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்த பின்னரே பிரிக்கத் தொடங்குதல் அறிவுடைமையாகும்.