கொதிகலன் ஊரும் வெயில் மின்சாரமும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில் அரியமங்கலத்தைத் தாண்டினால் காட்டூர். அங்கிருந்து திருவெறும்பூர், துவாக்குடி வரையிலான பகுதி அறுபது ஆண்டுகளாக அனல்மின் நிலையங்களை நம்பிப் பிழைத்து வருகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, நாட்டின் பல நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பியது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. பெல் கொடுக்கும் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, டன் கணக்கில் கூலி வாங்குவது அவற்றின் தொழில். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றி ஆசியா முழுவதும் பேசப்படும் வாய்ப்புகளும் சிக்கல்களும் இந்தப் பட்டறைகளின் வாசலில் வேறு மாதிரி தெரிகின்றன.

2012க்குப் பிறகு நிலக்கரி மின் நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் வற்றின. பட்டறைகளில் பல ஷிப்டைக் குறைத்தன, சில பூட்டப்பட்டன. காற்றாலைக் கோபுரம், ரயில்வே, பாதுகாப்புத் துறை என்று மாற்று வேலை தேடியவர்களும் உண்டு. ஆனால், சூரிய மின் நிலையம் என்பது கொதிகலனுக்கு ஈடான வேலையைத் தருவதில்லை. நீராவிக் குழாயில் ஒரு ஜாயின்ட் போடும் வெல்டர் கொதிகலன் சட்டப்படி தேர்வு எழுதி, சான்று பெற்றவராக இருக்க வேண்டும். அவர் போட்ட ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே குழாய் பட்டறையை விட்டு வெளியேறும். சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டமோ துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்பு. எந்திரத்தில் மடித்து, போல்ட் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. 1975இல் திருச்சியில் பெல் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் வளர்த்துவிட்ட கைத்திறனுக்கு அங்கே வேலையே இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த பெரிய சூரியத் தொழிற்சாலைகளும் வேறு பக்கம் போய்விட்டன. அமெரிக்காவின் பர்ஸ்ட் சோலார் சென்னைக்கு அருகே பிள்ளைப்பாக்கத்தில் அமைத்த ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. டாடா பவரின் செல், தகடு ஆலை நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கங்கைகொண்டானில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மாநிலத்துக்கு இது நல்ல செய்திதான். காட்டூரில் வேலையிழந்த நாற்பது வயது வெல்டருக்கு அதில் இடமில்லை என்பதும் உண்மை.

பட்டறைக்காரர்களுக்குச் சூரிய மின்சாரத்தோடு நேரடி உறவு ஏற்பட்டது கூரை வழியாக. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத 2012ஆம் ஆண்டை இந்தப் பகுதி மறக்கவில்லை. டீசல் ஜெனரேட்டர் ஓட்டி ஆர்டரை முடித்துக் கொடுத்தவர்களுக்குக் கூலியில் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. இன்று மின்வெட்டு அந்த அளவுக்கு இல்லை, கட்டணம்தான் ஏறியிருக்கிறது. ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி கூரை வேண்டும். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 யூனிட் தரும். பகலில்தான் பட்டறை ஓடுகிறது, பகலில்தான் வெயிலும் அடிக்கிறது. கணக்கு பொருந்துவதுபோலத்தான் தெரியும்.

இரண்டு இடங்களில் அது இடிக்கிறது. முதலாவது, கூரை. பழைய பட்டறைகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் துருப்பிடித்த தகரமும் தகடுகளின் பாரத்தைத் தாங்கா. வெயில் அதிகம் என்பதால் மின்சாரமும் அதிகம் வரும் என்று நினைப்பதும் தவறு. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் அளந்து எழுதப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். திருச்சியின் சித்திரை வெயிலில் தகட்டின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொட்டால், எழுதியிருக்கும் திறனில் 12 முதல் 16 சதவீதம் வரை போய்விடும். கிரைண்டிங் தூசு படிந்தால் இன்னும் குறையும்.

இரண்டாவது, மின்வாரியம். பகலில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்துக்குத் தந்து, வேண்டும்போது அதே அளவைத் திரும்பப் பெறும் வசதி வீடுகளுக்கு உண்டு, தொழிற்சாலைகளுக்கு இல்லை. 2021இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த ஆணைப்படி, சொந்தக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கும் தொழிற்சாலைகள் நெட்வொர்க் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. சிறுதொழில் சங்கங்கள் போராடிய பிறகு 2023இல் அது சிறு, குறுந்தொழில்களுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டது. வாரியத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. நல்ல கட்டணம் கட்டும் வாடிக்கையாளர்களெல்லாம் கூரைக்குப் போய்விட்டால் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் யார் பராமரிப்பது? ஆனால், அந்தச் சுமையைப் பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையின் தலையில் வைத்தது சரியல்ல.

வீடுகளின் நிலைமை வேறு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஆனால், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏசி இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்குக் கரண்ட் பில் பெரிய பாரமில்லை. கையிலிருந்து பணம் போட்டு மாடியில் தகடு வைக்க அந்தக் குடும்பத்துக்கு என்ன அவசரம்?

பொது நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் கட்டுப்படியாகிறது. கொள்ளிடத்திலும் காவிரியிலும் எடுத்த குடிநீரை நகரம் முழுவதும் ஏற்றி அனுப்பும் மோட்டார்களுக்கே திருச்சி மாநகராட்சி பெருந்தொகையை மின்கட்டணமாகக் கட்டுகிறது. பஞ்சப்பூரில் கழிவுநீர்ப் பண்ணைக்கென ஒதுக்கிய நிலத்தில் அது முதலில் 2.4 மெகாவாட் சூரிய நிலையத்தை அமைத்தது, அடுத்து 7.2 மெகாவாட். நிலம் வாங்கும் செலவும் இல்லை, மின்சாரம் விற்க ஆள் தேடும் வேலையும் இல்லை.

லால்குடி வட்டத்தில் இன்னொரு காட்டூர் இருக்கிறது. அங்கே உள்ள கோத்தாரி சர்க்கரை ஆலை கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கிறது. சூரியத் தகடுபோல் இல்லாமல் இதற்குக் கொதிகலன் வேண்டும், டர்பைன் வேண்டும், வெல்டரும் வேண்டும். சக்கை மின்சாரத்துக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. கரும்பு அரைவைப் பருவம் முடிந்த பிறகுதான் காற்றாலைப் பருவம் தொடங்கும், ஒன்று ஓயும்போது மற்றது எழும். ஆனால், காவிரித் தண்ணீரும் கரும்புக்கான பணமும் நேரத்துக்கு வந்தால்தான் விவசாயி கரும்பு போடுவார். இரண்டும் தடுமாறுவதால் ஆலைகள் முழு நாட்கள் ஓடுவதில்லை. புகளூரில் உள்ள அரசுக் காகித ஆலைக்கும் அதே சக்கைதான் மூலப்பொருள்.

தமிழ்நாட்டின் பெரிய பலம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்கள் வழியாக மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாய்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொண்ணூறுகளில் முதலாண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை வந்ததும், கோவை, திருப்பூர் மில் முதலாளிகள் ஆரல்வாய்மொழி அருகே உள்ள முப்பந்தலுக்கு வரிசையாகப் போனார்கள். காற்று அடிக்கும் மாதங்களில் வாரியத்திடம் மின்சாரத்தைக் கொடுத்து வைத்து, தேவைப்படும் மாதங்களில் தங்கள் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதிதான் அவர்களை அங்கே நிறுத்தியது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். நெடுங்காலம் நாட்டிலேயே முதலிடம் வகித்த தமிழ்நாட்டைக் குஜராத் அண்மையில் முந்திவிட்டது.

முந்தியதற்கான காரணத்தை முப்பந்தலிலேயே பார்க்கலாம். மாநிலத்திலேயே நல்ல காற்றுள்ள இடத்தில் 225, 250 கிலோவாட் பழைய எந்திரங்கள் நிற்கின்றன. ஒரே தளத்தில் 3 மெகாவாட் எந்திரம் நிறுத்த முடியும். ஆனால், அருகருகே உள்ள மனைகள் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை. நாலு பேர் சேர்ந்து பழையதை இடித்தால்தான் ஒரு புதியது நிற்கும். 2018 மார்ச்சுக்குப் பிறகு நிறுவிய எந்திரங்களுக்குப் பழைய பேங்கிங் சலுகை கிடையாது என்றானபோது, ஓடும் எந்திரத்தை யார் கழற்றுவார்கள்? 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க அரசு தனிக் கொள்கை வெளியிட்டும் உரிமையாளர்களின் தயக்கம் தீரவில்லை.

மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகளின் கதை இன்னும் சங்கடமானது. ஊரெல்லாம் இருண்டு கிடந்த அதே 2012இன் காற்றுப் பருவத்தில், கம்பி தாங்காது என்று தென்மாவட்டக் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். வேறு மாநிலத்துக்கு அனுப்பவும் வழி குறைவு. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு முழுமையாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. அதன் கொள்ளளவு 6,000 மெகாவாட். வடக்கே இருந்து நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டுவரவும், காற்று மிகும்போது தெற்கிலிருந்து வடக்கே அனுப்பவும் அது பயன்படும். தன் நிலத்தின் மேல் உயரழுத்தக் கம்பி போவதை எதிர்த்துக் கொங்கு மண்டல விவசாயிகள் நீண்ட நாள் போராடினார்கள். பசுமை மின்சாரத்தின் விலையில் ஒரு பங்கை அந்தத் தோட்டங்கள் கொடுக்கின்றன. இது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

சூரியன் மறைந்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலை ஏழு மணிக்கு வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடும் நேரத்தில் சூரியப் பங்களிப்பு பூஜ்யம். மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுழற்றும் நீரேற்று நிலையம் ஒரு விடை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட்டில் அப்படியொரு நிலையம் எண்பதுகளின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதற்குப் பின் இந்த வகையில் வாரியம் கையிலெடுத்தது நீலகிரியின் குந்தா. 500 மெகாவாட் திறன்கொண்ட அந்தத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மின்கலத் தொகுப்புகளுக்கும் இப்போது டெண்டர்கள் விடப்படுகின்றன.

விலையின் வேகமும் ஒரு தலைவலி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய நிலையம் 2016இல் வந்தபோது யூனிட் விலை 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே மாநில ஏலத்தில் 3 ரூபாய் 47 காசுக்குக் கொடுக்க ஆள் இருந்தது. முந்திக் கொண்டவருக்கு 25 ஆண்டுகள் அதிக விலை கொடுத்தாக வேண்டும், அதுதான் ஒப்பந்தம். வாரியம் தரவேண்டிய பாக்கியோ பல காற்றாலைகளுக்கு ஓராண்டுக்கு மேலும் இழுத்திருக்கிறது. தாமதமாக வரும் பணத்தை எதிர்பார்த்துக் கடன் தரும் வங்கி வட்டியைக் கூட்டும், வட்டி கூடினால் யூனிட் விலையும் ஏறும்.

ஆசியாவின் மற்ற நாடுகளும் இதே பாதையில்தான் இடறின. வியட்நாம் 2017இல் யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று அறிவித்து, 2019 ஜூனைக் கெடுவாக வைத்தது. கெடுவுக்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் சுமார் 4,500 மெகாவாட் இணைந்தது. நின் துவான் மாகாணத்தின் கம்பிகள் திணறியதால் புதிய நிலையங்களை அவ்வப்போது நிறுத்தினார்கள். இலங்கையில் மன்னாரின் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால், மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமம் திட்டமிட்ட 484 மெகாவாட் காற்றாலைகள், விலை குறித்த தகராறிலும் வலசைப் பறவைகள் குறித்த வழக்குகளிலும் சிக்கின. 2025 பிப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. அதே மாதம் 9ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கின் மேல் பழி போட்டுச் சிரித்தார்கள். விடுமுறை நாளின் குறைந்த தேவையில் சூரிய மின்சாரம் மிகுந்து, சுழலும் கனமான டர்பைன்கள் குறைந்துபோன தொகுப்புக்கு அதிர்ச்சியைத் தாங்கும் வலு இருக்கவில்லை என்பதே பொறியாளர்களின் விளக்கம்.

காட்டூர்ப் பட்டறைகளுக்கு இப்போது மீண்டும் கொஞ்சம் வேலை வருகிறது. காரணம் வெயிலோ காற்றோ அல்ல. மாலை நேரத் தேவையைச் சமாளிக்க 2032க்குள் சுமார் 80,000 மெகாவாட் புதிய நிலக்கரித் திறன் வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்ததால் பெல்லுக்குக் கொதிகலன் ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன. இந்த ஆர்டர்களும் ஒரு நாள் முடியும். அதற்குள் பட்டறைகளின் கைத்திறனுக்குப் பொருந்தும் பசுமை வேலை எது என்று பார்த்தால், நீரேற்று நிலையங்கள்தான் முன்னால் நிற்கின்றன. மலையிலிருந்து தண்ணீரை இறக்கும் ராட்சதக் குழாய்கள் கனத்த இரும்புத் தகட்டை உருட்டிப் பற்றவைத்துச் செய்பவை. திருச்சி வெல்டருக்கு அது கைவந்த வேலை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தனியார் பசுமை மின் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. நீரேற்று நிலையங்களுக்கென 2024இல் தனிக் கொள்கை வெளியிட்ட தமிழ்நாடு அரசு, தனியார் பங்கேற்புடன் அவற்றைக் கட்ட விடும் டெண்டர்களில் அந்த விதியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.