சூதாட்டத்தில் விழுந்த வெள்ளிக் காசு!

எந்திரத்தின் கைப்பிடியை இழுத்தார். சக்கரங்கள் கடகடவென்று சுழன்று நின்றன. "டங்!" வில்லை ஒன்று வந்து விழுந்தது. நடுவில் பளபளக்கும் வெள்ளி. சுற்றிலும் பித்தளை வளையம். மேலே "10 டாலர்" என்ற முத்திரை.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விடுதிகளில் 1990-களில் அன்றாடம் நடந்த காட்சி இது. ஜெயித்தவருக்கு இரண்டு வழிகள். வில்லையை விடுதிக் காசாளரிடம் நீட்டி 10 டாலர் வாங்கலாம். அல்லது வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எது லாபம்? இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே இருந்தது. அதுதான் வேடிக்கை!

வெள்ளி டாலர் மறைந்தது

ஒரு காலத்தில் அந்த எந்திரங்களில் அரசாங்கத்தின் அசல் வெள்ளி டாலரே ஓடியது. 1963-ல் வெள்ளி விலை அவுன்சு 1 டாலர் 29 சென்டைத் தொட்டது. அந்த விலையில், டாலர் காசிலுள்ள வெள்ளியே ஒரு டாலர் பெறும்! மக்கள் சும்மா இருப்பார்களா? காசைப் பதுக்கினார்கள். 1964 மார்ச்சில், நோட்டுக்கு வெள்ளி டாலர் கொடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. விடுதிகளில் காசுப் பஞ்சம்! 1965 முதல் மலிவான உலோகத்தில் சொந்த வில்லைகளை அடித்துக்கொண்டன.

விடுதியின் கணக்கு

1992-ல் வெள்ளி வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. லாஸ் வேகாஸ் நகரில் 'சில்வர் ஸ்டிரைக்' என்ற 10 டாலர் வில்லைகள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுமார் 0.6 அவுன்சு சுத்த வெள்ளி. நம் கணக்கில் இரண்டேகால் பவுன் எடைக்குச் சற்று அதிகம். அப்போது வெள்ளி அவுன்சு சுமார் 4 டாலர்தான். அதாவது, 10 டாலர் வில்லைக்குள் இருந்த வெள்ளி இரண்டரை டாலர்கூடப் பெறாது!

அழகாக இருக்கிறதே என்று ஒருவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனால், விடுதி 10 டாலர் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே விடுதிகள் புதுப்புதுச் சித்திரங்களைப் பொறித்தன. சேகரிப்போர் கூட்டமும் பெருகியது.

தலைகீழ்!

2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்சு 48 டாலரைத் தாண்டியது. வில்லைக்குள் இருந்த வெள்ளியின் விலை 29 டாலர்! காசாளரிடம் 10 டாலருக்குக் கொடுத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2015 முடிவில் விலை 14 டாலருக்கு இறங்கியது. அதே வெள்ளி 8½ டாலர் கூடப் பெறவில்லை! 2025 அக்டோபரில் விலை 50 டாலரைக் கடந்தது. மறுபடி 30 டாலர்!

விடுதி மூடினால்?

விடுதி மூடப்பட்டால், அறிவித்த கெடுவுக்குள் வில்லையை மாற்றிக்கொள்ள வேண்டும். கெடு தாண்டினால் "10 டாலர்" என்ற முத்திரை வெறும் எழுத்துதான். பிறகு அதன் மதிப்பு வெள்ளியிலும் அருமையிலும்தான். எளிதில் கிடைக்கும் வில்லை வெள்ளி விலைக்கே போகும். அருமையான வில்லைக்கு, சேகரிப்பவர் அதற்கு மேலும் கொடுப்பார். அப்பா விட்டுப்போன பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு இது தெரியவேண்டும். உருக்கிவிட்டால் வெள்ளி மிஞ்சும், சித்திரம் மிஞ்சாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஒரு வில்லை விழுவதற்குமுன் எத்தனை டாலர் எந்திரத்தின் வயிற்றுக்குள் போயிற்று? அதை எந்த வில்லையிலும் பொறிக்கவில்லை!