தோபியாவுடன் நடந்த நாய்



விடுமுறைக்காக வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ மன்னாருக்குப் புறப்படுகிறீர்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் வீட்டு நாய்கள் இரண்டும் உடன் வருகின்றன. மதவாச்சியைத் தாண்டி, மடு சந்தியை அடையுமுன், நண்பகல் வெயிலில் வாகனம் பழுதாகி நின்றுவிடுகிறது. யார் மீது பிழை என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கும். முதலில் அதை நிறுத்துங்கள். வாய்பேசாத உயிர்கள் காத்திருக்கின்றன.

நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணிக்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தினுள் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிடலாம். ஆகவே, சங்கிலியை மாட்டிய பின்பே கதவைத் திறந்து, வீதியை விட்டு விலகி மரநிழலில் இருத்தி, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். மூச்சிரைப்பு மிகுந்து தள்ளாடினால், உடலை நீரால் நனைத்துக் காற்றுப்படச் செய்து, மிருக வைத்தியரை நாடுங்கள்.

தோபித்து நூலை நினைவுகூருங்கள். தந்தையின் பணத்தைப் பெற்றுவர மேதியா நாட்டிற்குச் சென்ற இளைஞர் தோபியாவுடன் நாயும் நடந்தது. 6ஆம் அதிகாரத்தில் புறப்படும்போதும், 11ஆம் அதிகாரத்தில் திரும்பும்போதும் அது கூடவே இருக்கிறது. கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியோ வானதூதர் இரபேல்! பயணம் முடியும்வரை அவரை எவரும் அறியவில்லை. ஆயினும், பேசிய கூலிக்கு மேலாக, கொண்டுவந்தவற்றில் பாதியையே கொடுக்கத் தந்தையும் மகனும் முன்வந்தனர்.

உங்களுக்கு உதவ வந்து நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதியோ பழுதுபார்ப்பவரோ வேறு மொழியினராக, வேறு மதத்தவராக இருக்கலாம். பேரம் பேசாது, உரியதை நன்றியோடு கொடுங்கள். இரபேல் தாம் யாரென்று சொன்னது கடைசியில்தான்.