வங்கிப் புத்தகத்தில் குறைந்த பணம்: கேட்டுப் பெறுவது எப்படி?

நமுனுகுல மலையில் மழை இறங்கியிருந்த ஒரு மாலை நேரம். குர்ஆன் மத்ரஸா விட்டு, பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவியின் தாய் மாத்திரம் வாசலில் நின்றார். முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வங்கிப் புத்தகம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அந்தச் சகோதரி நான்கு வருடங்கள் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவர். போவதற்கு முன்னர் மகளின் படிப்புக்கென்று 9,000 ரூபாவை ஒரு வங்கியில் போட்டு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோது, சேர்ந்திருந்த வட்டியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், மிஞ்சியிருந்தது 4,000 ரூபாதான். பக்கம் பக்கமாகச் சிறு சிறு கழிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விளங்காத இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள். கருமபீடத்தில் கேட்டபோது, "அது வங்கியின் சட்டம்" என்று சிங்களத்தில் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

நான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "விடுங்க தங்கச்சி, பொறுமையா இருங்க. அல்லாஹ் வேற வழியில தருவான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்: "ஹஸரத், கடையில ஒரு கிலோ சீனியில நூறு கிராம் குறைச்சா பாவம் என்று பயான்ல சொல்றீங்க. பேங்க்ல குறைஞ்சா மட்டும் பொறுமையா இருக்கணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அதன் பின்னர் நாங்கள் செய்தவற்றையும், செய்யும்போது படித்துக்கொண்டவற்றையும் நம் குடும்பப் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுத்து

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கூறும் வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமும் அதுதான். பணம் சம்பந்தப்பட்ட விடயத்தில் வாய்ப்பேச்சை நம்பி நில்லாமல் எழுத்தில் வையுங்கள் என்பதே அதன் பாடம். வங்கியும் எழுத்தில்தான் இயங்குகிறது. நாமும் எழுத்தோடு போனால்தான் அங்கே நம் பேச்சு எடுபடும்.

ஆகவே ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, நான்கு வருடக் கழிவுகளைத் திகதி வாரியாக எழுதினோம். பின்னர் பதுளைக்குப் போய், "இந்த எழுத்துகளுக்கு என்ன பொருள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். இம்முறை ஒரு இளம் உத்தியோகத்தர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். விடை இப்படி வந்தது:

ஏ.டி.எம். அட்டைக்கான வருடாந்தக் கட்டணம் 500 ரூபா வீதம் நான்கு வருடத்துக்கு 2,000 ரூபா. கைத்தொலைபேசிக்குக் குறுந்தகவல் அனுப்பும் கட்டணம் மாதம் 25 ரூபா வீதம் 48 மாதத்துக்கு 1,200 ரூபா. கொடுக்கல் வாங்கல் நடைபெறாத கணக்குக்கான கட்டணம் மாதம் 50 ரூபா வீதம் 36 மாதத்துக்கு 1,800 ரூபா. மொத்தம் 5,000.

அட்டை அந்தச் சகோதரியின் கைக்கு வரவே இல்லை. குறுந்தகவல் சேவையை அவர் கேட்கவும் இல்லை. மூன்றாவது கட்டணமோ அவர் கையொப்பமிட்ட படிவத்தின் நிபந்தனைகளில் இருந்தது.

மூன்று வகைக் கட்டணங்கள்

எல்லாக் கழிவும் அநியாயம் அல்ல. நான் விளங்கிக்கொண்டபடி அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். நாம் கேட்காத, நமக்குக் கிடைக்காத சேவைக்கு எடுத்த கட்டணம் ஒன்று. ஒப்புக்கொண்ட தொகையை நமக்கு அறிவிக்காமல் கூட்டி எடுத்த கட்டணம் இரண்டாவது. நாம் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டு, ஆனால் இப்போது அதிகமாகத் தோன்றும் கட்டணம் மூன்றாவது. முதல் இரண்டிலும் நம் கோரிக்கைக்குப் பலம் அதிகம். மூன்றாவதில் குறைவு.

இந்த வேறுபாட்டைப் பிரித்தானியாவில் இலட்சக்கணக்கான மக்கள் நீண்டதொரு வழக்கின் மூலம் படித்தார்கள். அங்கே கணக்கில் பணம் போதாமல் ஒரு கொடுப்பனவு திரும்பினால், ஒரு தடவைக்கு 30 பவுணுக்கும் மேல் தண்டம் எடுத்த வங்கிகள் இருந்தன. 2006ஆம் ஆண்டளவில் சாதாரண மக்கள் சட்டத்தரணி இல்லாமலே கடிதம் எழுதியும், சிறு கோரிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றங்களில் வழக்குப் போட்டும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். பெருந்தொகையானோருக்கு விசாரணைத் தினம் வருமுன்னரே வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன.

2007 ஜூலையில் நியாய வர்த்தக அலுவலகம் என்ற அரச அமைப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே வழக்கில் முடிவு காண்போம் என்று எட்டு நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. மக்கள் போட்டிருந்த வழக்குகள் அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டன. 2008இல் மேல் நீதிமன்றமும், 2009 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த அலுவலகத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. ஆனால் 2009 நவம்பர் 25ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி. ஆகவே விலை கூடுதல் என்ற காரணத்துக்காக அவற்றின் நியாயத்தை அந்தச் சட்ட விதியின் கீழ் ஆராய முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். கடைசியில் 2020 ஏப்ரலில் அந்நாட்டின் நிதிக் கண்காணிப்பு அதிகாரசபை புதிய விதி கொண்டு வந்து, அனுமதியின்றி மிகையாக எடுக்கும் பணத்துக்குத் தனித் தண்டம் அறவிடும் முறையை நிறுத்தியது.

"கட்டணம் அதிகம்" என்று மட்டும் வாதாடினால் தோற்கலாம். "இதை நான் கேட்கவில்லை, இதை எனக்கு அறிவிக்கவில்லை" என்று காட்டினால் நம் கால் உறுதியாக நிற்கும்.

அயல்நாடான இந்தியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பாரத ஸ்டேட் வங்கி, கணக்கில் குறைந்தபட்ச மீதி வைக்காதவர்களிடமிருந்து 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரையான எட்டு மாதங்களில் மாத்திரம் 1,771 கோடி இந்திய ரூபா அறவிட்டது. இந்தத் தொகை வெளியே தெரிய வந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 2018 ஏப்ரலில் அந்த வங்கி தண்டத்தைப் பெருமளவு குறைத்தது. 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அதை நீக்குவதாக அறிவித்தது. அந்நாட்டு ரிசேர்வ் வங்கி அதற்கு முன்னரே, 2015 ஏப்ரல் முதல், ஒரு விதி வைத்திருந்தது. தண்டம் எடுக்க முன்னர் கணக்காளருக்கு அறிவிக்க வேண்டும். குறைவான தொகைக்கு ஏற்ற அளவில்தான் தண்டம் இருக்க வேண்டும். தண்டத்தினாலேயே கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போய்விடக் கூடாது. யாரும் முறைப்பாடு செய்யாதிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

நம் நாட்டில் யாரிடம் போவது?

இலங்கை மத்திய வங்கி 2011ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கப் பணிப்புரையின் மூலம் வங்கி வாடிக்கையாளர் பட்டயம் ஒன்றை வெளியிட்டது. நிபந்தனைகள் நமக்கு விளங்கும் மொழியில் தரப்பட வேண்டும், கட்டணங்களும் அவற்றின் மாற்றங்களும் அறிவிக்கப்பட வேண்டும், முறைப்பாட்டை ஏற்று விசாரிக்க ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். ஆகவே "எனக்குத் தமிழில் தாருங்கள்" என்று கேட்பது உரிமை. அதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வெளிவந்தன.

போகும் வழி படிப்படியானது. ஒரு படியைத் தாண்டி அடுத்ததுக்குப் பாய்ந்தால், "முதலில் வங்கியிடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்கள்.

முதற்படி, கிளை முகாமையாளருக்கு எழுத்து மூல முறைப்பாடு. இரண்டு பிரதிகள் எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, அதே வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவு. கிளைக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை இணையுங்கள்.

மூன்றாம் படி, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். இது 2020ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். இதைத் தவிர, 2003 முதல் இயங்கும் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை நடுவில் நின்று தீர்ப்பது அதன் வேலை. இதற்குக் கட்டணம் இல்லை.

நான்காம் படிதான் மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் வாதாட வருவதில்லை. நாமே நம் மொழியில் பேசலாம். அங்கே இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் போகலாம். சிறிய தொகைப் பிணக்குகளை இலகுவாக விசாரிப்பதற்கென்று 2022ஆம் ஆண்டில் சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கான சட்டமும் நிறைவேறியிருக்கிறது. உங்கள் வழக்கு எந்த நீதிமன்றத்துக்குரியது என்பதை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எழுத்து மூல ஒப்பந்தத்தில் எழும் வழக்குக்குப் பொதுவாக ஆறு வருடமும், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடமும் காலவரையறை உண்டு. பிள்ளையின் கல்யாணம் முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிப் போட்டால் உரிமையே கைநழுவிவிடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

நீண்ட கதை வேண்டாம். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "எனது கணக்கிலிருந்து இணைப்பில் காட்டியுள்ள திகதிகளில் இத்தொகைகள் கழிக்கப்பட்டுள்ளன. அட்டை எனக்குக் கிடைக்கவில்லை. குறுந்தகவல் சேவையை நான் கோரவில்லை. நான் கோரியதற்கான கையொப்பமிட்ட படிவம் இருப்பின் அதன் பிரதியைத் தரவும். இல்லையேல் 3,200 ரூபாவையும் எனது கணக்கில் திருப்பி வைக்கவும். 1,800 ரூபாக் கட்டணம் எப்போது எவ்வாறு எனக்கு அறிவிக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும்." கீழே பெயர், முகவரி, கணக்கிலக்கம், கையொப்பம்.

கடிதத்தை நான் எழுதித் தரவா என்று கேட்டேன். "இல்ல ஹஸரத், நீங்க சொல்லுங்க, மகள் எழுதட்டும்" என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை தன் அழகான கையெழுத்தில் எழுதியது.

சில எச்சரிக்கைகள்

மூலப் புத்தகத்தையோ மூலப் பற்றுச்சீட்டையோ யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள். கோபத்தில் உத்தியோகத்தரை ஏசாதீர்கள். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அவ்விலக்கத்தைக் கேட்பவர் திருடர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"திரும்பி வரும் பணம் வட்டியாகிவிடுமா?" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நம்மிடமிருந்து எடுத்த தொகை அப்படியே திரும்புமானால் அது நமது மூலப்பணம்தான். அதற்கு மேலாக வங்கி ஏதாவது வட்டி சேர்த்துத் தந்தால், அந்த மேலதிகத்தைப் பற்றி உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அதே நேரம், வங்கி தவறுதலாக நம் கணக்கில் கூடுதலாகப் போட்டிருந்தால் அதையும் நாமாகவே போய்ச் சொல்லித் திருப்ப வேண்டும். நிறுவையில் குறைப்பது இரு பக்கமும் குற்றமே.

முடிவு

கடிதம் கொடுத்து ஐந்து வாரம் கழித்து வங்கியிலிருந்து பதில் வந்தது. அட்டைக்கும் குறுந்தகவலுக்கும் கோரிய படிவம் அவர்களிடம் இல்லை. 3,200 ரூபா கணக்கில் திரும்பி வைக்கப்பட்டது. 1,800 ரூபா வரவில்லை. நிபந்தனைப் படிவத்தின் பிரதியை அனுப்பியிருந்தார்கள். அதில் அவரது கையொப்பம் இருந்தது. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

"நான் வாசிக்காம ஒப்பம் வெச்சது. அது என்ட பிழை" என்றார் அந்தச் சகோதரி. பிழை அவருடையது மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் மாத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலப் படிவத்தை நீட்டியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் தொகைக்காக மத்திய வங்கிக்கு எழுதலாம் என்று சொன்னேன். மகள் அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

3,200 ரூபா பெரிய பணமல்ல என்று நினைப்போர் இருக்கலாம். பசறைக்கும் பதுளைக்கும் பஸ் ஏறி இறங்கிய காசைக் கழித்தால் இன்னும் குறையும். ஆனால் அந்தச் சகோதரி இப்போது வங்கியில் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும், "தமிழில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார். உங்கள் வீட்டுப் புத்தகத்தையும் இன்றிரவு ஒரு தடவை திறந்து பாருங்கள், சகோதரிகளே.