சேற்றைவிட ஆபத்தான கயிறு

புதைந்த ஜீப்பை மீட்கும் வின்ச், அவசரப்படுபவர் கையில் ஆளைக் கொல்லும் கருவி. முதலில் நகர்த்த வேண்டியது வண்டியை அல்ல, சுற்றி நிற்கும் கூட்டத்தை.

சேற்றில் சிக்கிய ஜீப் இந்தியாவில் அதிக நேரம் தனியாக நிற்பதில்லை. குடகில் காபித் தோட்டத்துப் பாதையானாலும் சரி, ஸ்பிதியில் பனி உருகிப் பெருகும் ஓடையானாலும் சரி, சக்கரம் புதைந்த சற்று நேரத்தில் ஒரு கூட்டம் கூடிவிடும். ஒருவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கச் சொல்வார். இன்னொருவர் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார். இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளுவார்கள். அக்கறையுள்ள ஒருவர், கேபிள் விறைப்பாக இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்ப்பார். முன் வரிசையில் சிறுவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் நடுவே, சுமார் 8 மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு கம்பி மூன்று நான்கு டன் விசையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அப்பாவியாகத் தெரியும் அந்தக் கம்பி, அறும் நொடியில் சாட்டையாகிவிடும். விலகிக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

ராணுவ லாரிகளிலும் மரம் இழுக்கும் வண்டிகளிலும் மட்டுமே காணப்பட்ட வின்ச், இன்று வார இறுதி ஜீப் பயணிகளின் முன் பம்பரில் உட்கார்ந்திருக்கிறது. 2010-ல் வந்த மஹிந்திரா தாரும், 2020-ல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையும் கரடுமுரடான பாதையில் ஓட்டும் ஆசையைப் பெருநகரங்களுக்கும் கொண்டுவந்தன. மலேசியாவில் 1997-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014-ல் கோவாவுக்கு வந்தது. கொட்டும் மழைக்காலத்தில் நடக்கும் அந்தப் போட்டியில், முழங்கால் சேற்றில் கயிற்றோடு ஓடும் துணை ஓட்டுநர்களைப் பார்ப்பவர்களுக்கு வின்ச் ஒரு வீர விளையாட்டாகத் தோன்றும். அவர்களது தலைக்கவசமும் கையுறையும், பின்னால் இருக்கும் பயிற்சியும் பலர் கண்ணில் படுவதில்லை.

எண்ணும் எடையும்

முதல் தவறு கடையிலேயே நேர்கிறது. வாங்குபவர் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்கிறார். 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ. ஆட்கள், சாமான்களோடு தன் ஜீப் 2,200 கிலோதான் என்று கணக்குப் போட்டு நிம்மதியடைகிறார். வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும் என்பது பொது விதி. அதன்படி 3,300 கிலோ போதும். கையிலோ அதற்கு மேலும் இருக்கிறது.

ஆனால் அந்த எண், டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைக்கும் சக்தி. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருந்தால் டிரம் பருத்து, இழுவிசை அடுக்குக்கு அடுக்கு குறையும். நான்காம் அடுக்குக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் பக்கத்து மரத்தை விட்டுத் தூரத்து மரத்தைத் தேடுகிறார்கள். கயிறு எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு பலம். அதற்காக முழுவதையும் அவிழ்த்துவிடவும் கூடாது. கயிற்றின் நுனியை டிரம்மில் பிடித்திருக்கும் திருகு சுமை தாங்குவதற்கானது அல்ல. உண்மையில் பிடித்து நிறுத்துவது சுற்றுகளின் உராய்வு. இரும்புக் கம்பியானால் குறைந்தது 5 சுற்று, செயற்கை இழைக் கயிறானால் 8 முதல் 10 சுற்று டிரம்மில் மிச்சமிருக்க வேண்டும்.

அடுத்தது சேற்றின் கணக்கு. ராணுவ மீட்புப் பணியில் ஒரு தோராய விதி உண்டு. சக்கரத்தின் நடுப்பகுதி வரை புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை தேவை. மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. அதற்கும் மேலே போனால் மும்மடங்கு. மட்கார்டு வரை மூழ்கிய 2,200 கிலோ ஜீப்புக்கு 4,400 கிலோ விசை வேண்டும். 9,500 பவுண்டு வின்ச் தன் முழு பலத்தையும் காட்டினாலும் எட்டாத எண் அது. மேட்டில் ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் அதிகம்.

இதற்கு விடை பெரிய வின்ச் அல்ல, மண்வெட்டி. சக்கரங்களுக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி, வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினாலே தேவைப்படும் விசை வெகுவாக இறங்கிவிடும். பத்து நிமிடம் வியர்வை சிந்த மனமில்லாதவர்தான் கம்பியை அறுக்கிறார்.

இன்னொரு வழி கப்பி. கயிற்றை மரத்தில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பிக்கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டினால் இழுவிசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். கிணற்றடியில் கப்பியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பலர் மறப்பது ஒன்றுண்டு: மரத்தின் மீது விழும் சுமையும் இரட்டிப்பாகிறது. வின்ச்சைத் தாங்கிய மரம், கப்பியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

கம்பியா, இழையா?

இரும்புக் கம்பி விலை குறைவு. கல்லிலும் மணலிலும் உரசினாலும் தாங்கும். ஆனால் கனமானது. அறுந்தால் அந்தக் கனம்தான் கொலையாளி. ஒருமுறை மடங்கி முறுக்கு விழுந்த இடத்தில் அதன் பலம் திரும்புவதே இல்லை. பிரிந்து நிற்கும் இழைகள் ஊசிபோல் கையில் ஏறும். தோல் கையுறை அணிவது அதற்காக. அப்போதும் கம்பியைக் கைக்குள் வழுக்கி ஓடவிடாமல், கை மாற்றிக் கை பிடிக்க வேண்டும்.

பல போட்டியாளர்கள் இப்போது செயற்கை இழைக் கயிறுகளுக்கு மாறிவிட்டார்கள். இவை எடை மிகக் குறைந்தவை, தண்ணீரில் மிதக்கும். அறுந்தாலும் இரும்பைப் போல் வேகத்தோடு வந்து வெட்டுவதில்லை. ஆனால் வெயில், மணல் துகள், கூர்மையான பாறை, சூடு ஆகிய நான்கும் இவற்றுக்கு எதிரிகள். இந்த இழை சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே பலம் இழக்கத் தொடங்கும். டிரம்முக்கு உள்ளே பிரேக் இருக்கும் வின்ச்களில், சுமையோடு கயிற்றை இறக்கும்போது டிரம் அந்த அளவுக்குச் சூடேற முடியும்.

இழைக் கயிறு இருக்கிறது, இனி பயமில்லை என்ற எண்ணம் எல்லாவற்றையும்விட ஆபத்து. பல நேரங்களில் அறுவது கயிறு அல்ல. அதன் முனையில் இருக்கும் கொக்கி, ஷேக்கிள் அல்லது மாட்டிய இடம். பிய்த்துக்கொண்ட இரும்புத் துண்டைக் கயிறு கவண் கல்லைப் போல் எறியும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி இழுத்து, அது முறிந்து பறந்து உயிர்கள் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வண்டியின் அடியில் தெரியும் வளையங்கள் எல்லாம் இழுப்பதற்கானவை அல்ல. சில, வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டுமே. மீட்புக்கான இடம் சேஸியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எங்கே கட்டுவது?

இது இடத்துக்கு இடம் மாறும். குடகின் தோட்டங்களில் மரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்பியை நேராக மரத்தில் சுற்றினால் அது பட்டையை அறுத்து, மரத்தையே காயவைத்துவிடும். தன் கொக்கியைத் தன் மீதே மாட்டிய கம்பியும் நசுங்கிப் பலவீனமாகும். அதற்கென உள்ள அகலமான நாடாவை மரத்தின் அடிப்பகுதியில் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஷேக்கிளால் இணைத்துக் கொக்கியை மாட்டுவதே முறை. கொக்கியின் வாய் மேல்நோக்கி இருந்தால், பிசகும்போது அது தரையை நோக்கிப் போக வாய்ப்பு அதிகம்.

ஜெய்சல்மேர் மணல்மேட்டில் கட்டுவதற்கு மரமே கிடையாது. இன்னொரு ஜீப்பை நிறுத்தி அதில் மாட்டலாம். தனியாகப் போனவர், ஸ்டெப்னி சக்கரத்தைப் பள்ளம் தோண்டிப் புதைத்து அதில் கயிறு கட்ட வேண்டியதுதான். இமயமலையில் பாறைகள் உண்டு. அவற்றின் விளிம்புகள் இழைக் கயிற்றைக் கத்திபோல் அறுக்கும் என்பதால் இடையில் உறை தேவை. ஸ்பிதி ஓடைகளில் இன்னொரு எதிரி நேரம். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். அவசரப்படத் தோன்றும் இடமும் அதுதான், அவசரப்படக் கூடாத இடமும் அதுதான்.

ஒரே குரல்

வெளியே போயிருக்கும் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வேலை இல்லாத யாரும் நிற்கக் கூடாது. 20 மீட்டர் கயிறு என்றால் 30 மீட்டர். கப்பி மாட்டியிருந்தால் கயிறு வளையும் கோணத்தின் உட்பக்கம் மிக மோசமான இடம். கப்பி பிய்ந்தால் அங்கேதான் பாயும். இறுகிய கயிற்றைத் தாண்டவே கூடாது. கயிற்றின் நடுவில் கனமான பை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் நனைந்த சாக்கோ தரைவிரிப்போ போதும். அறுந்தால் அது கயிற்றைத் தரைக்கு இழுக்கும். இரும்புக் கம்பியானால் பானெட்டைத் திறந்து வைப்பது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குக் கேடயம்.

கட்டளை இடுபவர் ஒருவர் மட்டுமே. ஆனால் 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். 12 வோல்ட் வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் உறிஞ்சக்கூடும். வண்டியின் ஆல்டர்நேட்டர் அதில் ஒரு பகுதியைத்தான் தரும். எனவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிறிது நேரம் இழுத்து, மோட்டாரை ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். வின்ச் இழுக்கும்போது ஓட்டுநர் ஆர்வத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி துள்ளி முன்னேறும், கயிறு தளரும், பிறகு வண்டி வழுக்கிப் பின்வாங்கும்போது ஒரே வெட்டாக இறுகும். பல கயிறுகள் அறுவது அந்த வெட்டில்தான்.

இந்தியாவில் வின்ச்சை இயக்கத் தனி உரிமம் எதுவும் கேட்கப்படுவதில்லை. சட்டத்தின் கவனம் வேறு பக்கம் இருக்கிறது. வாகனங்களின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புகள் பாதசாரிகளுக்கு ஆபத்து என்று சொல்லி, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தயாரிப்பாளர் அளித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. வின்ச் உட்காருவது பெரும்பாலும் அத்தகைய கனத்த பம்பரில்தான். பட்டறையில் அவசரமாக வெல்டிங் செய்த பம்பர் சாலையில் சட்டத்துக்கு ஆகாது, சேற்றில் கயிற்றுக்கும் ஆகாது.

வண்டி கரையேறியதும் கைதட்டல் எழும். கவனம் தளரும் நேரம் அது. கயிற்றைத் திரும்பச் சுற்றும்போது ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் கயிறுமாக நிற்பவரின் விரல்கள் ரோலர்களுக்கு அருகே போய்விடுகின்றன. கையுறையின் நுனி சிக்கினால்கூட டிரம் நிற்காது. கடைசி ஒரு மீட்டருக்கு முன்பாக நிறுத்தி, கொக்கியில் கோத்த நாடாவைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். கொக்கி தன் இடத்தில் மாட்டி, மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் கூட்டத்தை அருகே அழைக்கலாம்.